மெஷ் வைஃபை நிலைபொருள் மேம்படுத்தல்

மெஷ் வைஃபை நிலைபொருள் மேம்படுத்தல் என்பது, பல கருவிகள் இணைந்து ஒரே வைஃபையைப் பரப்பும் வீட்டு மெஷ் வலையமைப்பிலுள்ள முதன்மை ரவுட்டரிலும் துணைக் கணுக்களிலும் இயங்கும் ஃபர்ம்வேர் எனும் நிலைபொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றும் பணி. நிலைபொருள், கருவியின் ஃபிளாஷ் நினைவகத்தில் பதிந்திருக்கும் இயக்க மென்பொருளாகும். பல ரவுட்டர்களில் இது லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது.

தேவை: பாதுகாப்புக் குறைகளை அடைப்பதே முதன்மை நோக்கம். 2017 அக்டோபரில் பெல்ஜிய ஆய்வாளர் மாத்தி வான்ஹூஃப் வெளியிட்ட 'கிராக்' தாக்குதல், டபிள்யூபிஏ2 எனும் வைஃபை பாதுகாப்பு நெறிமுறையிலேயே இருந்த ஓட்டையைக் காட்டியது. கடவுச்சொல்லை மாற்றுவது அதற்குத் தீர்வாகவில்லை; மென்பொருள் திருத்தமே தேவைப்பட்டது.

செயல்முறை: தானியங்கி முறையில் கருவிகள் உற்பத்தியாளரின் சேவையகத்திலிருந்து கோப்பைப் பெற்று, மின்னணுக் கையொப்பத்தைச் சரிபார்த்து, நினைவகத்தில் எழுதி மறுதொடக்கம் செய்கின்றன. அந்தச் சில நிமிடங்கள் இணையம் துண்டிக்கப்படும். கைமுறையில் செய்யும்போது துணைக் கணுக்களை முதலிலும் முதன்மை ரவுட்டரை இறுதியிலும் புதுப்பிப்பது பரவலான வழக்கம். கணுக்களிடையே பதிப்பு வேறுபட்டால் இணைப்பு தடுமாறக்கூடும்.

இடர்கள்: எழுதும் வேளையில் மின்சாரம் நின்றாலோ, வேறு மாதிரிக்கான கோப்பை ஏற்றினாலோ கருவி செயலிழக்கலாம். இதைத் தவிர்க்கச் சில கருவிகள் இரு நினைவகப் பகுதிகளைக் கொண்டுள்ளன. ஒரு பகுதியில் எழுதிய புதிய பதிப்பு இயங்காவிட்டால், கருவி மற்றதிலுள்ள பழையதற்குத் திரும்பிவிடும். அமைப்புகளை முன்கூட்டியே நகலெடுத்து வைப்பது நன்று.