மின்கம்பி நின்ற இடம்

பேராக் மாநில மின்சாரத்தின் வரலாறு ஈயத்தின் வரலாற்றோடு பிணைந்தது. 1930இல் இயங்கத் தொடங்கிய சென்டரோ அணையின் மின்னாற்றல், கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களையே முதலில் நாடிச் சென்றது. செல்வம் விளைந்த திசையிலேயே கம்பி நீண்டது. சித்தியவான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழரின் லயங்களுக்கோ, அதன் பின்னரும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே துணையாயிற்று.

பூர்வகுடி மக்கள் அடைந்த இழப்பு இதனினும் பெரிது. 1970களில் மேல் பேராக்கில் தெமெங்கோர் அணை எழுந்தபோது தெமியார், ஜஹாய் மக்களின் வாழ்நிலங்கள் நீரில் மூழ்கின. அவர்கள் பானுன், கெமார் முதலிய மறுகுடியமர்வுப் பகுதிகளுக்குப் பெயர்க்கப்பட்டனர். அவ்வணையில் பிறக்கும் 348 மெகாவாட் மின்னாற்றல் நகரங்களை நோக்கிப் பாய்ந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சித்தியவானுக்கு அருகே, லெக்கிர்க் கடலோரத்துச் செயற்கைத் தீவில், தலா 700 மெகாவாட் திறனுடைய மூன்று பொறிகளுடன் நிலக்கரி மின்நிலையமும் எழுந்தது. ஆயினும் மலைக்காட்டுச் சிற்றூர்களுக்குக் கம்பி இழுக்கும் செலவு மிகுதி. பயனீட்டாளர் தொகையோ குறைவு. அந்தக் கணக்கே பல ஊர்களை இருளில் நிறுத்தியது.

இக்கணக்கை மாற்ற முனைந்த முயற்சியொன்று சரவாக்கின் பாரியோ மேட்டுநிலத்தில் தோன்றியது. கெலாபிட் மக்கள் வாழும் அவ்வூருக்கு அந்நாளில் சிறு விமானத்தில் செல்லவேண்டும். இன்றேல் நாட்கணக்கில் நடக்கவேண்டும். 1990களின் இறுதியில் சரவாக் மலேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஊர்ப் பெரியோருடன் கலந்து, மக்களின் தேவையை முதலில் கேட்டறிந்தனர். பின்னரே செயற்கைக்கோள் வழி இணையம் வந்தது. டீசலைக்கூட விமானத்தில் ஏற்றிவரவேண்டிய அவ்வூரில் சூரியத் தகடுகள் பெருந்துணையாயின. தொலைநகரங்களில் வாழும் பிள்ளைகளோடு பெற்றோர் தொடர்புகொண்டனர். விருந்தினர் வருகையால் வருவாயும் பெருகியது.

எனினும் தகடுகளைப் பொருத்துவதோடு பணி முடிவதில்லை. மின்கலங்கள் சில ஆண்டுகளில் தேயும். அவற்றைப் பேணும் அறிவு ஊராரிடம் இல்லையெனில் இருள் மீளும்.

2020இல் கொரோனாத் தொற்றால் கல்விக்கூடங்கள் மூடப்பட்டபோது, சபா மாநிலத்தின் பூர்வகுடி மாணவியொருத்தி இணைய அலை தேடி மரமேறித் தேர்வெழுதினாள். கம்பி எட்டாத ஊரில் கல்வியும் எட்டாப் பொருளாகும் என்பதை நாடே கண்டது. மண்ணெண்ணெய் விளக்கொளியில் எழுத்தறிந்து மேல்வந்த தோட்டத்துச் சமுதாயத்திற்கு, அவ்விருளின் பொருளைப் பிறர் விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.