கம்ப்யூட்டர் பெட்டியின் கதை

மேஜைக்கு அடியில் நிற்கும் பெட்டியை நம் பக்கத்தில் எல்லோரும் 'சிபியு' என்றுதான் சொல்கிறோம். உண்மையில் சிபியு என்பது அதற்குள் இருக்கும், உள்ளங்கையில் அடங்கும் சில்லு. வெளிக்கூட்டுக்குக் கடைக்காரர்கள் சொல்லும் பெயர் கேபினெட். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது 'புவாத்தியே'. கம்ப்யூட்டருக்கே பிரெஞ்சில் 'ஓர்தினாத்தேர்' என்று பெயர். 1955-ல் ஐ.பி.எம். பிரான்ஸ் நிறுவனம் கேட்டதன் பேரில், ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல் அது. உலகை ஒழுங்குபடுத்தும் இறைவனைக் குறிக்கும் பழைய சொல்லாக அகராதியில் இருந்ததாம். அந்த ஒழுங்கு இந்தத் தகரப் பெட்டிக்கு எப்படி வந்தது என்பதைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

காரணம் இருக்கிறது. ஓய்வு பெற்ற நண்பர்கள் பலர் பேரப்பிள்ளைகளுக்கு அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் வாங்கும்போது, கண்ணாடிக் கதவையும் கலர் விளக்கையும் பார்த்துப் பெட்டியை எடுத்துவிடுகிறார்கள். ஓய்வூதியப் பணம் சும்மா வருவதில்லையே!

1981 ஆகஸ்ட் 12-ல் ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யை வெளியிட்டது. படுக்கை வாட்டில் ஓர் எஃகுப் பெட்டி, அதன் மேல் மானிட்டர். அதன் பவர் சப்ளை 63.5 வாட்தான். ஒரு பழைய குண்டு பல்பு எரிவதற்குச் சற்றே கூடுதல். அந்த அளவுக்குச் சூடு பெரிய பிரச்சினை இல்லை. அந்த இயந்திரத்தின் விவரங்களை ஐ.பி.எம். புத்தகமாகவே வெளியிட்டதால், மற்ற கம்பெனிகளும் அதே அளவில் போர்டும் பெட்டியும் செய்ய ஆரம்பித்தன. குமாஸ்தா வேலை பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பஞ்சிங் மெஷின் ஓட்டை ஒரே இடத்தில் விழுந்தால், எந்தத் தாளும் எந்தக் கோப்பிலும் டேக் போட்டு நிற்கும். கம்ப்யூட்டரிலும் திருகு ஓட்டைகள் ஒரே இடத்தில் இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

நம் நாட்டிலிருந்து ஐ.பி.எம். 1978-லேயே வெளியேறிவிட்டது. 1984 நவம்பரில் வந்த புதிய கணினிக் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தியது. பிறகு உதிரி பாகங்கள் வந்து குவிந்தன. சென்னை ரிச்சி தெரு அதற்குப் பேர் போனது. தொண்ணூறுகளில் எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அது இருந்த அறைக்கு மட்டும் ஏ.சி.; செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோப்புகளோடு உட்கார்ந்த எங்களுக்கு மின்விசிறிதான்.

அன்றைய ஏ.டி. வகைப் பெட்டியில் ஓர் ஆபத்து இருந்தது. பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு இரண்டு பிளக்குகள் பக்கத்தில் பக்கத்தில் போகும். இரண்டின் கறுப்பு வயர்களும் நடுவில் சேர வேண்டும். இடம் மாற்றிச் சொருகினால் போர்டு போய்விடும்.

இதற்கு முடிவு 1995-ல் வந்தது. இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவில் போர்டு 305-க்கு 244 மில்லிமீட்டர். ஒரே பிளக், ஒரே பக்கமாகத்தான் நுழையும். 1997-ல் 244 மி.மீ. சதுரமான மைக்ரோ ஏ.டி.எக்ஸ். வந்தது. 2001-ல் வியா கம்பெனி 170 மி.மீ. சதுரமான மினி ஐ.டி.எக்ஸ்.ஸைக் கொண்டு வந்தது. சிறிய போர்டுகளின் ஓட்டைகள் பெரிய பெட்டியின் ஓட்டைகளோடு பொருந்தும்படியே செய்தார்கள்.

அடுத்து வந்ததுதான் இந்தக் கதையின் முக்கியமான இடம். 2004 வாக்கில் பென்டியம் 4 சில்லுகள் 100 வாட்டுக்கு மேல் சூடு கக்கின. இன்டெல்லே பி.டி.எக்ஸ். என்ற புதிய அமைப்பைக் கொண்டு வந்தது. முன்வாசலும் கொல்லைப்புற வாசலும் நேர்கோட்டில் உள்ள நம் பழைய ஓட்டு வீடு போல, காற்று முன்னால் நுழைந்து சில்லைத் தொட்டுக்கொண்டு நேராகப் பின்னால் போகும். நல்ல யோசனைதான். ஆனால் பழைய போர்டு அதில் உட்காராது, அதன் போர்டு பழைய பெட்டியில் உட்காராது. 2006-ல் குறைந்த சூட்டில் ஓடும் கோர் 2 சில்லுகள் வந்தன. அதே வருடம் இன்டெல் பி.டி.எக்ஸ்.ஸைக் கைவிட்டது. பொருத்தமே வென்றது, காற்றோட்டத்தைப் பழைய வீட்டுக்குள்ளேயே தேடிக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆகவே நாமும் முதலில் பொருத்தம் பார்ப்போம். போர்டின் வகை, கிராபிக்ஸ் கார்டின் நீளம், சில்லின் மேல் நிற்கும் கூலரின் உயரம், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் நீளம் ஆகிய நான்கையும் பெட்டியின் விவரச்சீட்டில் உள்ள மில்லிமீட்டர் கணக்கோடு ஒப்பிடுங்கள். சாதாரண ஏ.டி.எக்ஸ். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் முகம் 150-க்கு 86 மி.மீ. பென்னாகரம் பக்கத்து நண்பர் ஒருவர் வாங்கிய கம்பெனிப் பெட்டியில் அது தனி வடிவத்தில் இருந்தது. சித்திரை மாதத்தில் அது பழுதாகி, மாற்று கிடைக்காமல், நன்றாக ஓடிய கம்ப்யூட்டரையே அவர் ஒதுக்க வேண்டி வந்தது. போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்களையும் கவனியுங்கள். ஓட்டை இல்லாத இடத்தில் ஒன்று மிஞ்சி நின்றால் அடியில் ஷார்ட் ஆகிவிடும்.

பிறகு காற்று. முன்பக்கம் வலையாக இருக்கட்டும். மூடிய கண்ணாடி மூச்சை அடைக்கும். முன்னால் கீழே காற்று நுழைந்து, பின்னால் மேலே சூடு வெளியேற வேண்டும். 120 மி.மீ. போன்ற பெரிய விசிறி, மெதுவாகச் சுற்றியே வேண்டிய காற்றைத் தள்ளும், சத்தமும் குறைவு. உள்ளே வரும் காற்று வெளியேறுவதைவிடச் சற்று அதிகமாக இருந்தால், சந்து பொந்து வழியாகத் தூசி நுழையாது. சாலையோரம் குடியிருப்பவர்களுக்குக் கழற்றிக் கழுவும் தூசி வலை அவசியம். ஒன்றை மறக்கக்கூடாது: விசிறி அறைக் காற்றைத்தான் உள்ளே தள்ளும், அதைக் குளிர்விக்காது. பங்குனி, சித்திரையில் மேஜையின் மூடிய அறைக்குள் பெட்டியை வைத்தால், எந்த விசிறியும் உதவாது. பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

கடைக்குப் போகும்போது அந்த நான்கு அளவுகளையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். போர்டும் சில்லும் சில வருடங்களில் மாறும். பொது அளவில் செய்த நல்ல பெட்டி, பேரன் கல்லூரி முடிக்கும் வரை உழைக்கும்.