சோற்றடுப்பு கறியடுப்பான கதை

1974-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் எட் ஃபிஷர் என்பவர் கடை வைத்தார். சரக்கு விநோதமான கலவை. ஒரு பக்கம் பச்சிங்கோ என்ற ஜப்பானிய விளையாட்டு இயந்திரங்கள். மறுபக்கம் முட்டை வடிவத்தில் கனத்த களிமண் அடுப்புகள். முன்பின் பார்த்திராத அடுப்பை யார் வாங்குவார்கள்? ஃபிஷர் அந்த அடுப்பிலேயே கோழி இறக்கைகளைச் சுட ஆரம்பித்தார். வாசனை பிடித்துக்கொண்டு ஆட்கள் உள்ளே வந்தார்கள். இன்று 'பிக் கிரீன் எக்' என்ற பெயரில் பல நாடுகளில் விற்பனையாகும் பச்சை நிற செராமிக் அடுப்பு இப்படித்தான் தொடங்கியது.

அந்த அடுப்பு பிறந்தது கறி சுடுவதற்காக அல்ல, சோறாக்குவதற்காக. அதுவும் கொஞ்சமே கொஞ்சம் கரியில். எந்தக் கரி போடுவது, காற்றுத் துவாரத்தை எவ்வளவு திறப்பது என்று அமெரிக்கக் கொல்லைப்புறங்களில் இன்று மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். அந்தக் கேள்விகளில் பாதிக்கு மேல் ஜப்பானிய அடுப்பங்கரைகள் எப்போதோ விடை கண்டுவிட்டன.

கமாடோ எனப்படும் மண் அடுப்பு கொரியத் தீபகற்பத்திலிருந்து சுமார் 5-ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்கு வந்தது. அதற்கு முன்பு வீட்டின் நடுவே திறந்த தீ. சூட்டில் பெரும்பகுதி கூரைக்குப் போகும். கமாடோ சுவரோரம் உட்கார்ந்தது. விறகு தள்ள முன்னால் ஒரு வாய், பானை இறங்க மேலே ஒரு துளை, புகை போக ஒரு வழி. தீயைச் சுற்றி மண்சுவர் எழுந்ததும் அது அடங்கி எரியக் கற்றுக்கொண்டது.

அடுப்பு என்பது அங்கே குடும்பத்தின் நாடித்துடிப்பாகவே இருந்தது. 8-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'கோஜிகி', 'நிஹோன் ஷோகி' ஆகிய நூல்களில் நின்டோகு என்ற பேரரசரைப் பற்றிய கதை ஒன்று உண்டு. உயரமான இடத்தில் ஏறி நின்று நாட்டைப் பார்க்கிறார். எந்த வீட்டிலும் புகை எழவில்லை. குடிமக்களின் அடுப்பில் பூனை தூங்குகிறது என்று புரிந்துகொண்டு மூன்றாண்டுகளுக்கு வரியை நிறுத்திவிடுகிறார். அரண்மனைக் கூரை ஒழுகியும் செப்பனிடவில்லையாம். புராணக் கதைதான். ஆனாலும் வரி வசூலைப் பற்றி யோசிக்க ஒரு அரசன் அடுப்புப் புகையைப் பார்த்தான் என்று கதை கட்டிய மக்களின் புத்தி கூர்மையானது. வடகிழக்கே மியாகி, இவாத்தே பகுதிகளில் அடுப்புக்குக் காவலாக மண்ணிலும் மரத்திலும் முரட்டு முகங்கள் செய்து தூணில் மாட்டி வைக்கும் வழக்கமும் இருந்தது.

அரிசி வேக வைப்பதற்கு ஜப்பானியப் பாட்டிமார்கள் ஒரு சொலவடை வைத்திருந்தார்கள். முதலில் தீ மெல்ல எரியட்டும், நடுவில் கொழுந்துவிடட்டும், பிறகு குழந்தையே அழுதாலும் மூடியைத் திறக்காதே என்பது அதன் சாரம். வெப்பமானி இல்லாத காலத்தின் வெப்பக் கட்டுப்பாடு முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது. இவற்றில் கடைசிக் கட்டளைதான் கடினமானது.

அதை எளிதாக்க வந்ததுதான் முஷி கமாடோ. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜப்பானிய வீடுகளில் புழங்கிய உருண்டையான மண் அடுப்பு. மேலே கவிழ்த்த கிண்ணம் போல ஒரு கனத்த மூடி, கீழே காற்று புக ஒரு சிறு கதவு, மூடியின் உச்சியில் ஒரு துவாரம். உள்ளே கொஞ்சம் கரியை மூட்டி, அரிசிப் பானையை இறக்கி, மூடியைப் போட்டுவிட வேண்டும். உச்சித் துவாரத்தில் ஆவி பலமாக எழும்பியதும் கீழ்க்கதவையும் மேல்துவாரத்தையும் அடைத்துவிடலாம். காற்று கிடைக்காமல் கங்கு அவியும். சுவரில் ஏறியிருந்த சூட்டிலேயே சோறு புழுங்கிப் பதமாகும். நம்மூர் பிரியாணிக்குத் தம் போடுகிற அதே கணக்கு. தீயை அணைப்பதும் சமையலின் ஒரு பகுதி என்று கண்டுகொண்டவர்கள் செய்த அடுப்பு அது. மிஞ்சிய கரி அடுத்த வேளைக்கு ஆகும். எரிகிற கங்கை மூடிபோட்ட ஜாடியில் அடைத்து அவித்து, மறுபடி பயன்படுத்துவது அன்றைய ஜப்பானிய வீடுகளில் சாதாரணப் பழக்கம்.

இந்தச் சிக்கனத்துக்குப் பின்னால் கரி செய்வோரின் உழைப்பு இருக்கிறது. பசிபிக் கரையோரமாக உள்ள வகயாமா, பழைய கிஷூ நாடு. அங்கே மலைச்சரிவில் உபாமே என்ற ஓக் மரம் மெதுவாக வளரும். கட்டை இரும்பு போலக் கனக்கும். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தனாபே ஊர் வணிகர் பிச்சூயா சோஸாயெமோன் இந்த மரத்தின் கரியை விற்றார். அவருடைய பெயரைச் சுருக்கித்தான் அந்தக் கரியை பின்சோதான் என்கிறார்கள்.

சாதாரணக் கரிக்கு மூட்டத்தின் வாயை அடைத்துவிட்டு, உள்ளேயே ஆற விடுவார்கள். பின்சோதானுக்கு அப்படி அல்ல. பல நாள் மெதுவாகப் புழுங்கவிட்டு, கடைசியில் காற்றைச் சிறுகச் சிறுக உள்ளே விடுவார்கள். சூடு 1,000 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறும். கட்டைகள் தகதகவென்று ஒளிரும்போதே நீண்ட கொக்கியால் வெளியே இழுத்து, ஈரச் சாம்பலும் மணலும் கலந்த பொடியை மேலே கொட்டி அவிப்பார்கள். அந்தச் சாம்பல் ஒட்டி வெளுத்திருப்பதால் இது வெள்ளைக் கரி. உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் புகைதான் சொல்லும். முதலில் ஈரம் நிறைந்த வெண்புகை, பிறகு மூக்கைத் துளைக்கும் காரம், பிறகு நீலம், முடிவில் கண்ணுக்கே தெரியாத வெறும் அனல். இரண்டு துண்டுகளைத் தட்டினால் உலோகம் போல 'கிண்'ணென்று ஒலிக்கும். பற்ற வைப்பது பெரும்பாடு. பற்றிவிட்டால் சுவாலையும் புகையும் இல்லாமல் சீராக நெடுநேரம் நிற்கும். விலாங்கு மீன் சுடும் கடைகளில் இன்றும் இதற்குத்தான் முதல் மரியாதை. அங்கே கதவும் துவாரமும் கிடையாது. கையில் ஒரு விசிறி, அவ்வளவுதான். சீனாவிலிருந்தும் ஜப்பான் இந்த வகைக் கரியை ஏராளமாக வாங்கியது. காடுகளைக் காக்கவென்று 2004-இல் சீனா கரி ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது அந்தக் கடைக்காரர்கள் கலங்கிப்போனார்கள்.

அமெரிக்காவில் கரிக்கட்டி பரவிய கதை கார்த் தொழிற்சாலையில் தொடங்குகிறது. ஃபோர்டின் மாடல் டி காருக்கு மரச்சட்டங்கள் தேவைப்பட்டன. அதற்காக 1920-களில் மிச்சிகன் மாநிலத்தின் அயர்ன் மவுண்டன் பகுதியில் ஹென்றி ஃபோர்டு மரம் அறுக்கும் ஆலை அமைத்தார். காட்டைத் தேடிக்கொடுத்தவர் எட்வர்டு கிங்ஸ்ஃபோர்டு, ஃபோர்டின் உறவுக்காரப் பெண்ணை மணந்தவர். மலைபோல் குவிந்த மரத்தூளையும் துண்டுகளையும் வீணாக்க ஃபோர்டுக்கு மனமில்லை. தூளைக் கரியாக்கி, மாவுப்பசை சேர்த்து, தலையணை வடிவக் கட்டிகளாக அச்சடித்தார்கள். கார் விற்கும் கடைகளிலேயே கரிக்கட்டியும் விற்றது. 1951-இல் அந்தத் தொழில் கைமாறி, கிங்ஸ்ஃபோர்டின் பெயரையே எடுத்துக்கொண்டது. ஒரே அளவு, ஒரே சூடு, மலிவான விலை. தகர அடுப்பில் ஞாயிற்றுக்கிழமை இறைச்சி சுட இதைவிட வேறென்ன வேண்டும்?

இதற்கு நடுவே இரண்டாம் உலகப் போர் முடிந்து, அமெரிக்கப் படை 1945 முதல் 1952 வரை ஜப்பானை ஆக்கிரமித்திருந்தது. சிப்பாய்கள் முஷி கமாடோவில் இறைச்சியைச் சுட்டுப் பார்த்தார்கள். ஈரம் வற்றாமல் வெந்தது. ஊருக்குத் திரும்பும்போது அடுப்பையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த வழியில் வந்த மோகத்தைத்தான் ஃபிஷர் பின்னாளில் வியாபாரமாக்கினார். ஆனால் களிமண் அடுப்புகள் சில ஆண்டுகளிலேயே விரிசல் விட்டன. கைப்பிடிக் கரிக்காகச் செய்த சுவர், கூடைக் கரியின் சூட்டை எப்படித் தாங்கும்? ஆகவே ஃபிஷர் செராமிக்குக்கு மாறினார். வடிவம் பழையது, உடம்பு புதியது.

இந்த அடுப்பில் சூட்டை நிர்ணயிப்பது கரியின் அளவு அல்ல, காற்றின் அளவு. வாய் நிறையக் கரியை நிரப்பி, ஒரு மூலையில் மட்டும் பற்ற வைத்து, கீழ்க்கதவை விரலளவு திறந்து, மேல்துவாரத்தைக் கீற்றாக விட்டால் 110 டிகிரியில் 12 மணி நேரத்துக்கு மேலும் அசையாமல் நிற்கும். இரண்டையும் விரியத் திறந்தால் 350 டிகிரியையும் தாண்டும். பீட்சா சில நிமிடங்களில் வெந்துவிடும். புதிதாக வாங்கியவர்கள் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. சூடு வேண்டிய அளவைத் தாண்டிவிட்டால், அதைக் குறைப்பது எளிதல்ல. கனத்த சுவர் குடித்த சூட்டைச் சீக்கிரம் கக்காது. அதனால் கைதேர்ந்தவர்கள் இலக்குக்கு இருபது முப்பது டிகிரி முன்பே கதவை ஒடுக்கத் தொடங்குவார்கள். நெடுநேரம் காற்றில்லாமல் திணறும் கங்கின்மேல் மூடியைச் சட்டென்று திறப்பதும் ஆபத்து. காற்று பாய்ந்து தீ முகத்துக்கே எழும்பும். முதலில் இரண்டு விரல் அளவு தூக்கி, மூச்சு விட்டுக்கொள்ள இடம் கொடுத்து, பிறகுதான் முழுதும் திறக்க வேண்டும்.

ஃபோர்டின் கரிக்கட்டி தோற்பது இங்கேதான். பசையும் பிற சேர்மானமும் இருப்பதால் சாம்பல் அதிகம். பல மணி நேரச் சமையலில் அந்தச் சாம்பல் கீழே இறங்கி, காற்று வரும் துளைகளை அடைத்துவிடும். காற்றையே நம்பியிருக்கும் அடுப்புக்கு இது மூச்சடைப்பு. மரத்துண்டாகவே இருக்கும் கரி கொஞ்சமே சாம்பல் விடும், கதவைத் திறந்ததும் சட்டென்று சூடேறும். பெரிய துண்டுகள் அடியில், சிறியவை மேலே. தூளைப் பையிலேயே விட்டுவிடுவது நல்லது. மண்ணெண்ணெய் போன்ற திரவம் ஊற்றிப் பற்ற வைக்கவே கூடாது. நுண்துளை உள்ள செராமிக் அந்த நாற்றத்தை உறிஞ்சிக்கொள்ளும். பின்சோதான் நேர்த்தியானதுதான். ஆனால் அதன் அருமை திறந்த தணலில், விசிறியின் கீழே தெரிகிற அருமை. பன்றித்தோளை ராத்திரி முழுக்க வாட்டுவதற்கு அந்த விலை கொடுப்பது வீண் ஆடம்பரம்.

அமெரிக்காவில் கமாடோ வளரத் தொடங்கிய காலத்திலேயே ஜப்பானில் அதன் ஆயுள் முடிந்துகொண்டிருந்தது. தோக்கியோவில் சிறு பட்டறை நடத்திய மினாமி யோஷிததா, தோஷிபா நிறுவனத்துக்காகத் தானாக நிற்கும் மின்சாரச் சோற்றுப் பாத்திரம் ஒன்றை உருவாக்கும் வேலையை ஏற்றார். அடுப்பில் சோறு எப்படி வேகிறது என்பதைத் திரும்பத் திரும்பச் சமைத்து அளந்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. கொதிநிலையை ஒட்டிய சூட்டில் சுமார் 20 நிமிடம் நின்றால் அரிசி வெந்துவிடும் என்று கண்டார்கள். வெளிப்பாத்திரத்தில் ஊற்றிய அளவான தண்ணீர் வற்றியதும் சூடு எகிறும், அப்போது இரட்டை உலோகத் தகடு வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். 1955 டிசம்பரில் அது 3,200 யென் விலைக்குச் சந்தைக்கு வந்தது. குழந்தை அழுதால் தாராளமாக எழுந்து போகலாம் என்றான பிறகு, புகையில் உட்கார்ந்திருக்க யாருக்கு ஆசை? சில ஆண்டுகளில் வீட்டுக் கமாடோக்கள் இடிக்கப்பட்டன.

அதே தோஷிபா பிற்காலத்தில் விற்ற விலையுயர்ந்த மின்சாரச் சோற்றுப் பாத்திர வரிசை ஒன்றின் பெயரில் கமாடோவும் உண்டு, பின்சோதானும் உண்டு.