எண்முகம் காட்டிய கலைஞர்: அலெக் கின்னஸ்

உள்ளத்தில் எழும் உணர்வு உடலின் வழியே பிறருக்குப் புலப்படுவதை மெய்ப்பாடு என்பது தமிழ் மரபு. தொல்காப்பியர் அதனை எட்டென வகுத்துரைத்தார். ஆங்கில நாட்டு நடிகர் ஒருவரோ, ஒரே திரைப்படத்தில் எட்டு மாந்தராகத் தோன்றிக் கண்டோரை வியக்கச் செய்தார். அவரே சர் அலெக் கின்னஸ். மேடை, திரைப்படம், தொலைக்காட்சி ஆகிய மூன்று அரங்குகளிலும் புகழ் பெற்ற அவருடைய வரலாறு, நடிப்பின் ஆற்றலை மட்டுமன்றி அதன் எல்லையையும் உணர்த்துவதாகும்.

இளமையும் பயிற்சியும்

கின்னஸ் 1914ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். அவருடைய பிறப்புப் பதிவில் தந்தையின் பெயர் இடம்பெறவில்லை. தந்தை யாரென்பதை இறுதிவரை அவர் உறுதியாக அறிந்திலர். தாயின் நிலையற்ற வாழ்க்கை காரணமாக இளமையில் அவருக்கு நிலையான இல்லம் வாய்க்கவில்லை. தங்கிப் படிக்கும் பள்ளிகளிலேயே அவர் வளர்ந்தார். தமக்கென ஒரு முகவரி இல்லாத சிறுவன், பிற்காலத்தில் எவர் உருவையும் ஏற்க வல்ல நடிகனாக உயர்ந்தது எண்ணிப் பார்க்கத் தக்கது.

பள்ளிப் படிப்பு முடிந்தபின் விளம்பர நிறுவனமொன்றில் வாசகம் எழுதும் பணியில் சேர்ந்தார். எனினும் அவர் மனம் மேடையையே நாடிற்று. குறைந்த வருவாயில் வயிற்றைக் கட்டி நாடகம் பயின்றார். 1934ஆம் ஆண்டில் புகழ்பெற்ற நடிகர் ஜான் கில்குட், தம்முடைய ‘ஹாம்லெட்’ நாடகத்தில் ஆஸ்ரிக் என்னும் சிறு வேடத்தை அவருக்கு அளித்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1938இல், ஓல்டு விக் அரங்கில் அதே நாடகத்தின் தலைமை வேடத்தையே கின்னஸ் ஏற்றார். அவ்வாண்டிலேயே நடிகை மெருலா சலமனை மணந்தார்.

இரண்டாம் உலகப் போர் அவரைக் கடலுக்கு அழைத்தது. 1941இல் கடற்படையில் எளிய மாலுமியாகச் சேர்ந்து, பின்னர் அதிகாரியாக உயர்ந்தார். 1943இல் நேச நாட்டுப் படைகள் சிசிலித் தீவில் இறங்கியபோது, படைவீரரைக் கரை சேர்க்கும் கலமொன்றுக்குத் தலைமை தாங்கினார்.

திரையில் எழுந்த புகழ்

போர் முடிந்ததும் இயக்குநர் டேவிட் லீன் அவரைத் திரைக்கு அழைத்தார். சார்லஸ் டிக்கன்சின் புதினத்தைத் தழுவிய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ 1946இல் வெளிவந்தது. 1948இல் ‘ஆலிவர் டுவிஸ்ட்’ படத்தில் திருடர் கூட்டத் தலைவன் பேகினாக நடித்தார். முப்பத்து நான்கு வயதினர் முதியவராக மாறிய திறம் பாராட்டப்பெற்றது. ஆயினும், அவ்வொப்பனையில் அமைந்த பெரிய மூக்கு யூத இனத்தை இழிவுபடுத்துவதாகக் கண்டனம் எழுந்தது. அமெரிக்காவில் அப்படம் 1951இல்தான் வெளியாயிற்று. திறமை ஒன்று, அது பிறர் உள்ளத்தில் உண்டாக்கும் விளைவு மற்றொன்று என்பதற்கு இது சான்றாகும்.

1949இல் வெளிவந்த ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கோரனெட்ஸ்’ என்னும் நகைச்சுவைப் படத்திலேயே அவர் எட்டு வேடங்கள் ஏற்றார். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த அவ்வெண்மருள் ஒருவர் பெண்மணி. நடையாலும் குரலாலும் கண்ணசைவாலும் அவர் ஒவ்வொருவரையும் வேறுபடுத்திக் காட்டினார். 1951இல் ‘தி லாவெண்டர் ஹில் மாப்’, 1955இல் ‘தி லேடிகில்லர்ஸ்’ ஆகியன அப்புகழை வளர்த்தன.

வெற்றி மட்டுமே அவர் வாழ்வு அன்று. 1951இல் தாமே முன்னின்று மீண்டும் மேடையேற்றிய ‘ஹாம்லெட்’ பெருந்தோல்வி அடைந்தது. அத்தோல்வியின் பொறுப்பை அவர் பிறர்மீது சுமத்தவில்லை.

குவாய் ஆற்றுப் பாலம்

1957இல் வெளிவந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ அவரை உலகறியச் செய்தது. பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் இயற்றிய புதினத்தை டேவிட் லீன் படமாக்கினார். படப்பிடிப்பு இலங்கையில், கித்துல்கல என்னும் ஊரருகே நிகழ்ந்தது. சப்பானியரிடம் கைதியான பிரிட்டிஷ் அதிகாரி நிக்கல்சன், ஒழுங்கின்மீதும் வேலைத் திறத்தின்மீதும் கொண்ட பற்றால், பகைவருக்கே உறுதியான பாலம் கட்டித் தருகிறார். கடமை எதுவென மறந்த கடமையுணர்ச்சியின் அவலமே அக்கதை.

தனிச்சிறையில் வாடிய நிக்கல்சன் வெளியே வந்து தள்ளாடி நடக்கும் காட்சி, அப்படத்தின் உயிர்நாடி. இளம்பிள்ளை வாதத்தால் கால் முடங்கித் தேறிவந்த தம் மகனின் நடையை நினைவிற்கொண்டே கின்னஸ் அந்நடையை அமைத்தார். தந்தை நெஞ்சின் வேதனை கலையாக மாறிய இடம் அது. அவ்வேடத்திற்காக 1958இல் சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் விருது அவருக்குக் கிடைத்தது. 1959இல் ‘சர்’ பட்டமும் பெற்றார்.

எனினும் கதை வேறு, வரலாறு வேறு. பாலம் அமைந்த முகாமில் உண்மையில் தலைமை வகித்த பிரிட்டிஷ் அதிகாரி பிலிப் டூசி, பகைவரின் வேலையைத் தாமதப்படுத்தவும் தம் வீரரின் உயிர் காக்கவும் முயன்றவர். நிக்கல்சனின் போக்கு அவருடையதன்று. மேலும், 1942, 1943ஆம் ஆண்டுகளில் அமைக்கப்பட்ட ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இரயில் பாதையில் உழைத்தோர் போர்க்கைதிகள் மட்டுமல்லர். மலாயா, பர்மா, சாவகம் முதலிய நாடுகளிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் கைதிகளினும் பன்மடங்கு மிகுதி. மலாயாவிலிருந்து சென்றோருள் பெரும்பாலோர் தோட்டங்களில் உழைத்த தமிழர். உயிரிழந்த போர்க்கைதிகள் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளரோ பல்லாயிரவர். காலராவும் பசியும் அடியும் அவர்களை மாய்த்தன. போர்க்கைதிகளுக்குக் கல்லறைகள் வரிசையாக அமைந்தன. தொழிலாளருள் மிகப் பலர் பெயரும் குறிக்கப்படாமல் மண்ணில் மறைந்தனர்.

உலகமே கண்டு போற்றிய அப்படத்தில் இத்தமிழரின் துயருக்கு இடமில்லை. அக்குறை கின்னசின் நடிப்புக்குரியது அன்று. கதை அமைந்த முறைக்குரியது. ஆயினும், ஒரு பெரு நடிகரின் முகம் கோடிக்கணக்கானோர் நெஞ்சில் பதியும்பொழுது, அம்முகத்தின் பின்னே மறைந்துபோன முகங்களும் உண்டு என்பதை மறத்தல் ஆகாது.

தொலைக்காட்சியும் முதுமையும்

1962இல் ‘லாரன்ஸ் ஆப் அரேபியா’, 1965இல் ‘டாக்டர் ஷிவாகோ’ என லீனின் படங்களில் அவர் தொடர்ந்து நடித்தார். 1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ இளைய தலைமுறையினரிடம் அவரைக் கொண்டுசேர்த்தது. இலாபத்தில் பங்கு பெற்றமையால் பெருஞ்செல்வமும் சேர்ந்தது. ஆயினும் வாழ்நாள் உழைப்பெல்லாம் அவ்வொரு வேடத்தால் மறைக்கப்படுவதை அவர் விரும்பவில்லை. 1980இல் சிறப்பு ஆஸ்கார் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

1979இல் பிபிசி தொலைக்காட்சி, ஜான் லெ காரேயின் ஒற்றர் புதினத்தை ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ என ஏழு பகுதிகளாக ஒளிபரப்பியது. ஓய்வுபெற்ற உளவு அதிகாரி ஸ்மைலியாகக் கின்னஸ் தோன்றினார். அவ்வேடத்திற்கென, பிரிட்டிஷ் உளவுத் துறையின் முன்னாள் தலைவர் மாரிஸ் ஓல்டுபீல்டுடன் விருந்துண்டு, அவர் போக்கைக் கூர்ந்து நோக்கினார். திரையில் அவர் பேசியதினும் பேசாதிருந்ததே மிகுதி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் சிறு செயலும் பொருள் பொதிந்து நின்றது. 1982இல் ‘ஸ்மைலீஸ் பீப்பிள்’ தொடர்ந்தது. மேடைக்குரிய உரத்த குரலை அடக்கி, சிறு திரைக்கேற்ப நுண்ணிய மெய்ப்பாட்டை அமைத்த இத்தொடர்கள் தொலைக்காட்சி நடிப்புக்கு உரைகல்லாயின.

1984இல் ‘எ பாசேஜ் டு இந்தியா’ படத்தில் பேராசிரியர் காட்போலே என்னும் இந்திய அந்தணராக அவர் நடித்தார். இந்தியர் ஒருவருக்குரிய வேடத்தை ஆங்கிலேயர் ஏற்றது பொருந்தவில்லை என்ற குறை எழுந்தது. எம்முகமும் ஏற்கலாம் என்னும் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அது காட்டிற்று.

2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், 86ஆம் வயதில், கின்னஸ் மறைந்தார். சில திங்களில் அவர் மனைவியும் மறைந்தார்.

கின்னசின் கலையைப் போற்றுதலும், அக்கலை சொல்லாமல் விட்ட வரலாற்றைத் தேடுதலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. குவாய் ஆற்றுப் படத்தைக் காணும் மாணவன், நிக்கல்சனின் தள்ளாடும் நடையில் நடிப்பின் உயர்வைக் காணட்டும். அதே பாதையில் தள்ளாடி நடந்து மீளாத தமிழர்களையும் எண்ணட்டும். அவர்தம் கதையை எழுதுவதும் கற்பிப்பதும் தமிழ் அறிந்தோர்க்கு உரிய கடமையாகும்.