விண்டோஸ் புதுப்பிப்புகள் தடைபடுதல்: ஒரு வரலாறு

விண்டோஸ் இயங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் வெளியிடும் திருத்தங்களைக் கணினியில் கொண்டுவந்து சேர்க்கும் அமைப்பு விண்டோஸ் அப்டேட் எனப்படுகிறது. தமிழில் இதைப் புதுப்பிப்பு என்றும் இற்றைப்படுத்தல் என்றும் கூறுவர். ஒரு புதுப்பிப்பு நான்கு கட்டங்களைக் கடக்கிறது. கணினிக்கு எந்தத் திருத்தங்கள் தேவை என்று தேடுவது முதல் கட்டம், அவற்றைப் பதிவிறக்குவது இரண்டாவது, நிறுவுவது மூன்றாவது. கணினியை மறுதொடக்கம் செய்யும்போது வேலையை முடிப்பது நான்காவது. திரையில் விழுக்காடு நகராமல் நின்றுவிட்டால், இந்த நான்கில் ஏதோ ஒன்று முடியவில்லை என்று பொருள். கடந்த கால் நூற்றாண்டில் இந்த ஒவ்வொரு கட்டமும் பெரிய அளவில் தடைபட்டிருக்கிறது. இன்று நாம் கையாளும் பழுதுநீக்க வழிகளில் பலவற்றை அந்தத் தடைகளைக் கொண்டே புரிந்துகொள்ளலாம்.

இணையதளமாகத் தொடக்கம்

1998இல் விண்டோஸ் 98 வெளிவந்தபோது விண்டோஸ் அப்டேட் ஓர் இணையதளமாகவே இருந்தது. பயனர் தாமாக அந்தத் தளத்துக்குச் சென்று, பட்டியலைப் பார்த்து, வேண்டியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2000இல் வந்த விண்டோஸ் எம்இ பதிப்பில் தானியங்கிப் புதுப்பிப்பு அறிமுகமானது.

அக்காலத்தில் பெரும்பாலான வீடுகளில் தொலைபேசி வழி இணைய இணைப்பே இருந்தது. பெரிய கோப்பு ஒன்று பாதியில் அறுந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதற்குத் தீர்வாக 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியுடன் பிட்ஸ் என்ற பின்னணிச் சேவை வந்தது. பிற வேலைகளுக்குத் தேவைப்படாத இணைய வேகத்தை மட்டும் பயன்படுத்தி, சிறிது சிறிதாகப் பதிவிறக்குவது இதன் பணி. இணைப்பு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இன்றும் புதுப்பிப்பு நின்றுபோனால் இந்தச் சேவை இயங்குகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வதன் காரணம் இதுவே.

புழுக்களின் காலம்

புதுப்பிப்பு விருப்பத்துக்குரிய ஒன்றாக இருந்த நிலையை மாற்றியவை கணினிப் புழுக்கள். 2001 ஜூலையில் பரவிய கோட் ரெட், ஒரே நாளில் 3,59,000க்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. அதைத் தடுக்கும் திருத்தம் ஜூன் மாதமே வெளியாகியிருந்தது. 2003 ஜனவரி 25 அன்று பரவிய ஸ்லாமர் பத்தே நிமிடங்களில் உலகைச் சுற்றியது. அதற்கான திருத்தமோ ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியானது. இரண்டு நிகழ்வுகளிலும் மருந்து இருந்தது. ஆனால் அது கணினிகளைப் போய்ச் சேரவில்லை.

2003 ஆகஸ்டில் வந்த பிளாஸ்டர் புழு ஒரு படி மேலே சென்றது. அது தாக்கிய கணினிகளில் பல, அறுபது நொடிகளில் நிற்கப்போவதாக அறிவித்துத் தாமாக மறுதொடக்கம் செய்துகொண்டன. திருத்தத்தைப் பதிவிறக்கத் தொடங்கும் பயனர், அது முடிவதற்குள் இணைப்பை இழந்தார். ஆகஸ்ட் 16 அன்று புதுப்பிப்பு முகவரியையே பெருந்தாக்குதலால் முடக்கவும் அந்தப் புழு எழுதப்பட்டிருந்தது. ஆனால் அது குறிவைத்தது, உண்மையான தளத்துக்கு வழிகாட்டும் துணை முகவரியை மட்டுமே. மைக்ரோசாப்ட் அந்த முகவரியை நீக்கிவிட்டதால் தாக்குதல் வீணாயிற்று.

இதன் பின்னர் இரு மாற்றங்கள் வந்தன. 2003 அக்டோபர் முதல், ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை திருத்தங்களை மொத்தமாக வெளியிடும் வழக்கம் தொடங்கியது. 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 தீச்சுவரை இயல்பாகவே இயக்கி வைத்தது. தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கும்படியும் பயனரை வற்புறுத்தியது.

மறுதொடக்கத்தில் நின்றவை

இயங்குதளம் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கோப்புகளை அது ஓடும்போதே மாற்றுவது கடினம். எனவே அவற்றை மாற்றும் வேலை மறுதொடக்கத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது. 2007இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, இயங்குதளத்தைச் சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றின் பதிப்புகளையும் ஒரு சேமிப்பகத்தில் வைத்து நிர்வகிக்கத் தொடங்கியது. தோல்வியுற்ற புதுப்பிப்பைப் பின்வாங்கச் செய்ய இது உதவியது.

ஆனால் அதிலேயே புதிய வகைத் தடையும் வந்தது. 2008 பிப்ரவரியில், விஸ்டாவின் முதல் சர்வீஸ் பேக்கிற்கு முன்னேற்பாடாக அனுப்பப்பட்ட ஒரு திருத்தம் சில கணினிகளை முடிவில்லாத மறுதொடக்கச் சுழலில் தள்ளியது. மைக்ரோசாப்ட் அதன் தானியங்கி விநியோகத்தை நிறுத்தி வைத்தது. புதுப்பிப்புகளை நிறுவும் பொறியையே புதுப்பிக்க வந்த திருத்தம் அது என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

வேண்டுமென்றே உண்டாக்கப்பட்ட தடை

2008 அக்டோபர் 23 அன்று மைக்ரோசாப்ட் மாதாந்திர அட்டவணைக்குக் காத்திராமல் ஓர் அவசரத் திருத்தத்தை வெளியிட்டது. அடுத்த மாதமே கான்பிக்கர் புழு தோன்றி, அந்தத் திருத்தம் இல்லாத கணினிகளில் நுழைந்தது. நுழைந்ததும் அது விண்டோஸ் அப்டேட் சேவையையும் பிட்ஸ் சேவையையும் நிறுத்தியது. பாதுகாப்பு நிறுவனங்களின் தளங்களுக்குச் செல்லும் வழியையும் அடைத்தது. புதுப்பிப்பு காரணமின்றி நிற்கும்போது தீநிரல் சோதனை நடத்த வேண்டும் என்ற அறிவுரைக்குக் கான்பிக்கரைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தேடலில் நின்றவை

2013இன் இறுதியில் எக்ஸ்பி கணினிகள் பலவற்றில், புதுப்பிப்பைத் தேடும் பின்னணி நிரல் செயலகத்தின் முழுத் திறனையும் விழுங்கியபடி நீண்ட நேரம் ஓடியது. காரணம் பழைமையின் சுமை. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கான ஒவ்வொரு மாதத் திருத்தமும் முந்தைய மாதத்துக்கு மாற்றாக வந்தது. எது எதற்கு மாற்று என்பதைச் சங்கிலிபோல் தொடர்ந்து சென்று கணினி சரிபார்க்க வேண்டியிருந்தது. சங்கிலியில் ஒரு கண்ணி கூடும்போதெல்லாம் கணக்கிடும் நேரம் ஏறத்தாழ இருமடங்கானது. சில கண்ணிகள் இருந்தவரை யாருக்கும் தெரியாத குறை, அவை நாற்பதைக் கடந்தபோது கணினியை முடக்கியது. 2014 ஜனவரியில் காலாவதியான பழைய திருத்தங்களைப் பட்டியலிலிருந்து நீக்கிய பிறகே நிலைமை சீரானது. அதே ஆண்டு ஏப்ரல் 8 அன்று எக்ஸ்பிக்கான ஆதரவும் முடிந்தது.

விண்டோஸ் 7 கணினிகளும் 2015, 2016 ஆண்டுகளில் இதே போன்ற சிக்கலைச் சந்தித்தன. புதிதாக விண்டோஸ் 7 நிறுவியவர்கள் தேடல் முடியப் பல மணிநேரம் காத்திருந்தனர். 2016 ஜூலையில் வெளியான ஒரு தொகுப்பு தேடலை விரைவாக்கியது. அக்டோபர் முதல், தனித்தனித் திருத்தங்களுக்குப் பதிலாக மாதம் ஒரு திரள்தொகுப்பு என்ற முறை வந்தது.

திருத்தம் சேராத கணினிகளின் விலை 2017 மே 12 அன்று தெரிந்தது. அன்று பரவத் தொடங்கிய வான்னாகிரை பணயத்தீநிரல், 150 நாடுகளில் 2,00,000க்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். இங்கிலாந்தில் சுமார் 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. தேவையான திருத்தம் மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது.

விண்டோஸ் 10: கட்டாயமும் இடநெருக்கடியும்

2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10, வீட்டுப் பயனர்களுக்குத் தானியங்கிப் புதுப்பிப்பை ஏறத்தாழக் கட்டாயமாக்கியது. அவசரமாக வழங்குவதன் ஆபத்தும் வெளிப்பட்டது. 2018 அக்டோபரில் வந்த பெரும் புதுப்பிப்பு சிலரின் சொந்தக் கோப்புகளை அழித்ததால் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டு, திருத்தப்பட்ட வடிவில் நவம்பரில் மீண்டும் வெளியானது. 2019 மே மாதப் பதிப்பில், வீட்டுப் பயனர்களும் புதுப்பிப்பைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் வசதி பெற்றனர்.

இடமின்மையும் தடைக்குப் பெருங்காரணம். அதே 2019 பதிப்பு, புதிய கணினிகளில் சுமார் 7 ஜிகாபைட் இடத்தைப் புதுப்பிப்புகளுக்காக முன்கூட்டியே ஒதுக்கத் தொடங்கியது. ஆயினும் 2024 ஜனவரியில் வந்த கேபி5034441 என்ற திருத்தம், வன்தட்டின் மீட்புப் பிரிவில் 250 மெகாபைட் காலியிடம் இல்லாத கணினிகளில் திரும்பத் திரும்பத் தோல்வியடைந்தது. முதன்மைப் பிரிவில் எவ்வளவு இடம் இருந்தாலும் பயனில்லை. மீட்புப் பிரிவைப் பயனரே விரிவாக்கும் வழிமுறையை மைக்ரோசாப்ட் வெளியிட வேண்டியதாயிற்று.

இன்றைய பழுதுநீக்க முறை

மேற்கண்ட வரலாற்றை மனத்தில் கொண்டால், பழுதுநீக்கும் படிகளின் வரிசை எளிதில் விளங்கும்.

காத்திருத்தல்: மறுதொடக்கத்தின்போது விழுக்காடு நகராவிட்டாலும் வன்தட்டு விளக்கு மினுக்கினால் வேலை நடக்கிறது. அப்போது மின்சாரத்தைத் துண்டித்தால் கூறுகளின் சேமிப்பகம் பாதி மாறிய நிலையில் சிதையக்கூடும். பல மணிநேரம் அசைவே இல்லாவிட்டால் மட்டுமே கட்டாயமாக நிறுத்த வேண்டும்.

இடம் பார்த்தல்: முதன்மைப் பிரிவில் போதிய காலியிடம் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

தற்காலிகச் சேமிப்பை மாற்றுதல்: பதிவிறக்கிய கோப்புகளும் தேடல் தரவுத்தளமும் விண்டோஸ் கோப்புறைக்குள் சாப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் என்ற உள்கோப்புறையில் உள்ளன. விண்டோஸ் அப்டேட், பிட்ஸ் சேவைகளை நிறுத்திவிட்டு இதன் பெயரை மாற்றினால், சேவைகள் மீண்டும் தொடங்கும்போது புதிய கோப்புறை உருவாகும். அமைப்புகள் பகுதியில் தெரியும் புதுப்பிப்பு வரலாறு மறையும். ஏற்கனவே நிறுவிய திருத்தங்கள் அப்படியே இருக்கும்.

கூறுகளைச் சீராக்குதல்: டிஸ்ம் கருவி சேமிப்பகத்தைச் சரிசெய்கிறது, அதன் பின் எஸ்எப்சி கருவி, அந்தச் சேமிப்பகத்தைக் கொண்டு இயங்குதளக் கோப்புகளைச் சரிசெய்கிறது. வரிசை மாறினால் சிதைந்த மூலத்திலிருந்து நகலெடுக்க நேரிடும். டிஸ்ம் இயல்பாக நல்ல கோப்புகளை விண்டோஸ் அப்டேட்டிலிருந்தே கேட்கும். அதுவே பழுதாகியிருந்தால் நிறுவல் வட்டையோ அதன் கோப்பையோ மூலமாகக் காட்ட வேண்டும்.

நேரடியாக நிறுவுதல்: மைக்ரோசாப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்திலிருந்து குறிப்பிட்ட திருத்தத்தைத் தனியே இறக்கி நிறுவலாம். தேடல் கட்டத்தில் உள்ள தடையை இது பெரும்பாலும் தவிர்க்கிறது.

புதுப்பிப்பு தடைபட்ட கணினி வெளிப்பார்வைக்குப் பழுதானதாகத் தோன்றுவதில்லை. எழுதலாம், படம் பார்க்கலாம், இணையத்தில் உலாவலாம். அதனாலேயே பலர் அதை மாதக்கணக்கில் கவனிக்காமல் விடுகின்றனர். கோட் ரெட் முதல் வான்னாகிரை வரை புழுக்கள் தேடிச் சென்றவை அப்படிப்பட்ட கணினிகளையே.