வீட்டு சர்வரில் புகைப்படங்கள்: கேலரி முதல் இம்மிச் வரை

புகைப்படத் தொகுப்பைச் சொந்த சர்வரில் வைத்து பிரவுசரில் பார்க்கும் வழக்கம், டிஜிட்டல் கேமரா வீடுகளுக்குள் நுழைந்த 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பரவத் தொடங்கியது. அதற்கு வேண்டிய அடித்தளம் முன்பே அமைந்திருந்தது. படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் 1992-இல் தரமாக ஏற்கப்பட்டது. எடுத்த தேதி, நேரம், கேமரா விவரம் ஆகியவற்றைப் படக் கோப்புக்குள்ளேயே பதிந்துவைக்கும் எக்ஸிஃப் 1995-இல் வந்தது. இரண்டாவது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆனால் ஒரு மென்பொருளை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது தேதி தொலையாமல் படத்தோடு வருவது அதனால்தான்.

பாரத் மெடிரட்டா தொடங்கிய 'கேலரி' 2000-இல் வெளியானது. பிரான்சில் பியரிக் லெ கால் உருவாக்கிய 'பிஎச்பி வெப் கேலரி' 2002-இல் வந்தது. 2009 முதல் அதன் பெயர் பிவிகோ. இரண்டும் பிஎச்பி மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள்கள். அந்நாளில் சொந்த சர்வர் என்றது பெரும்பாலும் மாத வாடகைக்கு எடுத்த இணைய இடத்தைத்தான். படங்களைக் கணினியில் தேர்ந்தெடுத்து, அளவைக் குறைத்து, கையாலேயே ஏற்ற வேண்டும். பொறுமையும் ஓரளவு தொழில்நுட்பப் பழக்கமும் உள்ளவர்களுக்கே அது கைகூடியது.

2004-இல் வந்த ஃபிளிக்கர் இந்தச் சிரமத்தை நீக்கியது. அடுத்த ஆண்டே யாகூ அதை வாங்கியது. 2015 மே மாதம் கூகுள் போட்டோஸ் வந்தபோது, சற்றே சுருக்கிய தரத்தில் எத்தனை படமானாலும் இலவசம் என்றார்கள். போனில் எடுத்த படம் தானாகவே போய்ச் சேர்ந்தது. முகத்தைக் காட்டியும் சொல்லைத் தட்டியும் தேட முடிந்தது. இதனோடு போட்டியிட பழைய மென்பொருள்களால் இயலவில்லை. 'கேலரி'யின் வளர்ச்சிப் பணி அதற்கு முன்பே, 2014-இல் நின்றுபோயிருந்தது.

இலவசம் நிலைக்கவில்லை. கோடாக் நிறுவனத்தின் இணைய ஆல்பச் சேவை 2012-இலேயே மூடப்பட்டு, படங்கள் ஷட்டர்ஃபிளைக்குக் கைமாறின. ஸ்மக்மக் கைக்குப் போன ஃபிளிக்கர், கட்டணம் செலுத்தாதவர்களுக்கு 1,000 படங்களே என்று 2018-இல் அறிவித்தது. கூகுளின் வரம்பற்ற சலுகை 2021 ஜூன் 1-ஆம் தேதி முடிந்தது; அதன்பின் ஏற்றிய படங்கள் மின்னஞ்சலுக்கும் பிற கோப்புகளுக்கும் பொதுவான 15 ஜிபி கணக்கில் சேர்ந்தன. தன்னுடைய ஆல்பத்துக்கு விதி எழுதுவது வேறொருவர் என்பது பலருக்கும் அப்போதுதான் உறைத்தது.

அதற்குள் வீட்டுக் கணினிகளின் திறனும் மாறியிருந்தது. 2013-இல் வந்த டாக்கர், சிக்கலான மென்பொருளைச் சில கட்டளைகளில் நிறுவ வழிசெய்தது. பெர்லினில் உருவான போட்டோபிரிசம், படத்தில் இருப்பதை இனங்காணும் வேலையை வீட்டு சர்வரிலேயே செய்துகாட்டியது. 2021-இல் ஓப்பன்ஏஐ வெளியிட்ட கிளிப் மாதிரி, படத்தையும் சொற்களையும் ஒரே கணக்கில் பொருத்தியது; 'மழையில் சைக்கிள்' என்பது போலத் தேடுவதற்கு வெளி நிறுவனம் தேவைப்படவில்லை. அலெக்ஸ் டிரான் 2022-இல் வெளியிட்ட இம்மிச், போன் செயலியிலிருந்து தானாகப் பதிவேற்றும் வசதியையும் இவற்றோடு சேர்த்தது. பழைய மென்பொருள்களில் இல்லாத இந்த ஒன்றுதான் குடும்பத்தாரையும் இதற்குள் இழுத்தது எனலாம்.

குடிபெயர்வது எளிதல்ல. கூகுளின் டேக்அவுட் வழியாகப் படங்களை எடுத்தால், பயனர் திருத்திய தேதியும் குறிப்புகளும் தனி ஜேசன் கோப்புகளில் வருகின்றன. அவற்றைப் படத்தோடு மறுபடி இணைக்கவே தனிக் கருவிகள் எழுதப்பட்டன. இந்தியாவில் இன்னொரு தடையும் உண்டு. பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுவதால், வெளியூரிலிருந்து வீட்டு சர்வரை நேரடியாக எட்ட முடியாது. வயர்கார்ட் போன்ற விபிஎன் ஏற்பாடுகளே அதற்குத் துணை.

ஒரே ஹார்ட் டிஸ்க்கை நம்பி இருப்பது கிளவுட்டை நம்புவதைவிட ஆபத்தானது. புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 விதி இதற்காகத்தான்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில். இம்மிச்சின் முதல் நிலையான பதிப்பு 2025 அக்டோபரில் வெளியான பிறகும், அதன் உருவாக்குநர்கள் பயனர்களிடம் வலியுறுத்துவது இதே விதியைத்தான்.