செல்லாத் துட்டு சொல்லும் சேதி

கரையோரத் தடங்கள் – 12

சென்ற வாரம் தரங்கம்பாடியில், டேனியர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டையின் நிழலில் நின்றோம். இந்த வாரம் கரையைப் பிடித்துக்கொண்டே வடக்கே போகலாம். சென்னையைக் கடந்து பொன்னேரி வழியாகச் சென்றால், ஒரு பக்கம் ஏரியும் மறுபக்கம் வங்கக் கடலுமாக ஓர் ஊர் வரும். அதுதான் பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இங்கே விரிந்து கிடக்கிறது.

ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம் என்றொரு மீனவர் குடியிருப்பு. புங்கமர நிழலில் வலையைப் பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, வட்டமான செம்புத் துண்டு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“செல்லாத் துட்டு, தம்பி. ரெண்டு வருசம் முந்தி வலையில ஏறி வந்திச்சு. லட்சக்கணக்குல போவும்னு என் பேரன் போன்ல பாத்துட்டுச் சொல்றான். நீதான் பாத்துச் சொல்லேன், இது இன்னா காசு? எவ்ளோ போவும்?”

இந்த வாரக் கட்டுரை அவருடைய அந்த இரண்டு கேள்விகளுக்கான பதில்தான்.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

காசு பளபளவென்று இருந்தது. “புளி போட்டுத் தேச்சீங்களா, ஐயா?” என்றேன். “ஆமா, பச்சையா பாசி புடிச்ச மாரி இருந்திச்சு. கெழவிதான் சொம்போட சேத்து வெளக்கிக் குடுத்தா” என்றார்.

பழங்காசு கிடைத்ததும் நம் வீடுகளில் முதலில் நடப்பது இதுதான். செம்பின் மேல் படியும் பச்சைக் களிம்பை அழுக்கு என்று நினைத்துவிடுகிறோம். உறுதியாக, வழவழப்பாகப் படிந்த களிம்பு காசுக்குத் தோல் மாதிரி. உப்புநீரும் மண்ணும் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. புளியின் அமிலம் களிம்பைக் கரைப்பதோடு நிற்பதில்லை. ஏற்கெனவே தேய்ந்திருக்கும் எழுத்தின் விளிம்பையும் தின்றுவிடுகிறது. நாணயம் சேர்ப்பவர்கள் தேய்த்த காசுக்குக் குறைந்த விலைதான் கொடுப்பார்கள். ஆய்வாளருக்கோ, படிக்க வேண்டிய பக்கத்தையே யாரோ கிழித்துவிட்டது போன்ற இழப்பு. காசு கிடைத்தால் மண்ணை மெல்ல உதறி, காகித உறையில் போட்டு ஈரம் படாமல் வைத்தாலே போதும்.

நல்லவேளையாக இந்தக் காசில் எழுத்து மிச்சமிருந்தது. பையிலிருந்த உருப்பெருக்கியை எடுத்தேன்.

வி.ஓ.சி. என்ற மூன்று எழுத்து

ஒரு பக்கம் பெரிய ஆங்கில ‘வி’. அதன் இடக் காலைத் தழுவி ஓர் ‘ஓ’, வலக் காலைத் தழுவி ஒரு ‘சி’. தமிழ்நாட்டில் வி.ஓ.சி. என்றதும் கப்பலோட்டிய சிதம்பரனார்தான் நினைவுக்கு வருவார். இந்த மூன்று எழுத்து அவருக்கு முந்தையது. ஒல்லாந்து நாட்டில் 1602-ல் உருவான ஒன்றிணைந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் டச்சுப் பெயருக்கு இவைதான் முதலெழுத்துகள். நம் முன்னோர் வாயில் ‘கும்பினி’ ஆன வணிகக் கூட்டங்களில் இதுவும் ஒன்று. பீரங்கி, தட்டு, பீப்பாய் எனத் தனக்குச் சொந்தமான பொருளில் எல்லாம் இந்தக் கூட்டெழுத்தைப் பொறித்துக்கொண்டது அந்தக் கம்பெனி.

எழுத்துக்கு மேலே சின்னதாய் ஒரு கோபுரம். கீழே ஆண்டு: 1, 7, 5, கடைசி எண் தேய்ந்துபோயிருந்தது. மறுபக்கம் முடி தரித்த கேடயம். அதன் கீழ்ப்பாதியில் அலைகள். அலைகளுக்குள்ளிருந்து பாதி உடலோடு எழும்பும் ஒரு சிங்கம்.

காசின் ஊர் அந்தச் சிங்கத்தால் தெரிந்துவிட்டது. ஒல்லாந்தின் ஒவ்வொரு மாகாணமும் கம்பெனிக்காகக் காசு அடித்தபோது தன் இலச்சினையைப் பொறித்தது. அலையிலிருந்து எழும் சிங்கம் சீலாந்து மாகாணத்தின் சின்னம். கோபுரம், அங்குள்ள மிடில்பர்க் நகரத்து அக்கசாலையின் அடையாளம். சீலாந்து என்றாலே கடல் நிலம் என்று பொருள். கடலோடு போராடிக் கரை கட்டி வாழும் மக்கள் அவர்கள். ‘போராடுகிறேன், எழுகிறேன்’ என்பது அவர்கள் மாகாணத்தின் லத்தீன் முழக்கம்.

காசின் பெயர் ‘டொய்ட்’. சுமார் 21 மில்லிமீட்டர் அகலம், மூன்று கிராமை ஒட்டிய எடை கொண்ட மிகச் சிறிய மதிப்புச் செப்புக் காசு. ஒல்லாந்தில் எட்டு டொய்ட் சேர்ந்தால் ஒரு ஸ்டைவர். ஆசியாவில் அதற்கு மதிப்பு கூடுதல். ஜாவாவில் நான்கு டொய்டுக்கே ஒரு ஸ்டைவர். இதைக் கண்ட மாலுமிகள் ஊர்க்காசைப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் கடத்தி வந்து லாபம் பார்த்தார்கள். அதைத் தடுக்கத்தான் 1726 முதல் கம்பெனி தன் கூட்டெழுத்தைப் பொறித்து, ஆசியாவுக்கென்றே தனிக் காசு அடித்து அனுப்பியது. பெரியவரின் வலையில் ஏறியது அந்த வரிசையில் வந்த காசு.

கோட்டைக்குப்பத்தின் கோட்டை

இந்தக் காசு இங்கே வந்து சேர்ந்ததற்கான காரணம் குப்பத்தின் பெயரிலேயே இருக்கிறது.

ஒல்லாந்தர் இந்தக் கரையில் காலூன்றியது 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1610-ல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் அனுமதியுடன் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தார்கள். மயிலாப்பூர்ச் சாந்தோமிலிருந்த போர்த்துகீசியர் 1612-ல் படையெடுத்து வந்து அதை அழித்தார்கள். மறு ஆண்டே, 1613-ல், ஒல்லாந்தர் கோட்டையை எழுப்பி முடித்தார்கள். தலைமை அதிகாரியாக இருந்த வெம்மர் வான் பெர்ஹெம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரால் அதற்கு கெல்ட்ரியா என்று பெயரிட்டார். சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு அடித்தளம் போடுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே இங்கே கோட்டை எழும்பிவிட்டது.

சோழமண்டலக் கரை முழுவதிலும் இருந்த ஒல்லாந்தர் வணிகத்துக்கு 1690 வரை இதுதான் தலைமையிடம். பிறகு தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825-ல் பழவேற்காடு ஆங்கிலேயர் கைக்கு நிரந்தரமாகப் போய்ச் சேர்ந்தது. இன்று கோட்டை இருந்த இடத்தில் மண்மேடும் அகழியின் தடமும் முள்புதரும் மட்டுமே. கோட்டை மறைந்துவிட்டது. அதன் பெயரைக் குப்பத்து மக்கள்தான் தங்கள் முகவரியில் சுமக்கிறார்கள்.

கோட்டைக்குள் ஓர் அக்கசாலையும் இயங்கியது. சின்னச் சின்னச் செப்புக் காசுகளை அங்கேயே அடித்தார்கள். அவை டொய்ட் போலத் தட்டையாக இராமல், நம்மூர் வழக்கப்படி சிறியவையாய், தடித்தவையாய் இருந்தன. உள்ளூர்ச் சந்தையில் செல்ல வேண்டுமானால் உள்ளூர்க் காசின் உருவம் வேண்டும் என்பது அந்த வணிகர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காசுகள் கடல் தாண்டி இலங்கையிலும் புழங்கின.

காசு போனது, துட்டு வந்தது

உள்ளூரில் அடித்த அந்தச் செப்புக்கு ஒல்லாந்தர் தங்கள் கணக்கில் எழுதிய பெயர் ‘காஸ்’. நம் ‘காசு’தான் அது. போர்த்துகீசியர் வாயில் ‘காய்ஷா’ ஆகி, ஆங்கிலேயர் வாயில் ‘கேஷ்’ ஆனதும் இதே சொல்தான். சென்னையில் ஆங்கிலக் கும்பினி வைத்திருந்த கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். ஆக, ஒரு வராகனுக்கு 3,360 காசு. கடல் கடந்து வந்தவர்கள் எல்லோரும் நம் சொல்லில்தான் சில்லறையை எண்ணினார்கள்.

பதிலுக்கு அவர்கள் விட்டுப்போன சொல் எது? பெரியவர் காசைக் கையில் வைத்தபோது சொன்ன முதல் வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். “செல்லாத் துட்டு, தம்பி.”

‘டொய்ட்’ என்ற டச்சுச் சொல்லே தமிழில் ‘துட்டு’ ஆனது என்பது சொல்லாராய்ச்சியாளர் பலரின் கருத்து. தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘துட்டு’ என்ற ஒலிப்புக்கு நெருங்கிய சொற்கள் பணத்தைக் குறிப்பதால், அது இம்மண்ணின் பழஞ்சொல்லே என்று வாதிடுவோரும் உண்டு. தமிழில் துட்டு என்பது முதலில் ஒரு குறிப்பிட்ட சிறு செப்புக் காசின் பெயராகவே வழங்கியது என்பதைப் பார்க்கும்போது, நான் முதல் கருத்தின் பக்கமே சாய்கிறேன். கம்பெனி 1799-ன் கடைசி நாளோடு கலைந்துபோனது. அதன் காசு செல்லாமல் போனது. காசின் பெயர் மட்டும் மீன் ஏலத்திலும் டீக்கடையிலும் இன்னும் செல்லுபடியாகிறது.

எவ்வளவு போகும்?

பெரியவரின் இரண்டாம் கேள்விக்கு வருவோம். உண்மையைத்தான் சொன்னேன்: “லட்சமெல்லாம் போகாது, ஐயா.” டொய்டுகளைக் கோடிக் கணக்கில் அடித்துக் குவித்தார்கள். பரவலாகக் கிடைக்கும் தேய்ந்த டொய்ட் ஒன்றுக்குச் சில நூறு ரூபாய் கிடைத்தாலே பெரிது. பழமை மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை அடித்தார்கள், எத்தனை மிஞ்சின, எழுத்து எவ்வளவு தெளிவாக இருக்கிறது, தேடுவோர் எத்தனை பேர் என்ற நான்கும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

“பழைய காசுக்கு லட்சங்கள் தருகிறோம், முதலில் கட்டணம் செலுத்துங்கள்” என்று இணையத்தில் வலை விரிப்பவர்களைப் பற்றி, ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் மக்களை எச்சரித்தது. பேரனிடம் இதை அவசியம் சொல்லும்படி பெரியவரைக் கேட்டுக்கொண்டேன்.

சட்டத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. மண்ணில் புதைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம். நூறாண்டு கடந்த நாணயம் 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்; தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது.

காசின் இருண்ட பக்கம்

இந்தக் கூட்டெழுத்தின் பொருளை முழுதாகச் சொல்ல வேண்டுமானால் ஒன்றை மறைக்கக் கூடாது. பழவேற்காட்டுத் துறையிலிருந்து பருத்தித் துணி போனது, கோட்டையில் செய்த வெடிமருந்து போனது, மனிதர்களும் போனார்கள். 17-ம் நூற்றாண்டில் பஞ்சம் வந்த காலங்களில், வயிற்றுக்கில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களைக் கம்பெனி விலைக்கு வாங்கி, இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கு அடிமைகளாக ஏற்றியது. இந்தச் சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அப்படிப் போனார்கள். ஊருக்குள் ஒல்லாந்தர் கல்லறை இருக்கிறது. வாயிலில் எலும்புக்கூடு செதுக்கிய தூண்களும், குடும்ப இலச்சினை பொறித்த கற்களுமாக, தொல்லியல் துறை பாதுகாத்துவரும் இடம் அது. வாங்கியவர்களின் பெயர் கல்லில் நிற்கிறது. விற்கப்பட்டவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்களுக்கும் சேர்த்து இந்தக் காசுதான் சாட்சி.

எந்த இடத்தில் கிடைத்தது?

கரூரில் அமராவதி ஆற்று மணலை அரித்தவர்கள் கைக்கு வந்த சின்னச் சின்னச் செப்புகள்தான் சங்க கால வரலாற்றுக்கு வெளிச்சம் தந்தன. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அப்படிப்பட்ட காசுகளைத் தேடித் தேடிப் படித்தார். ‘பெருவழுதி’ என்று தமிழ்ப் பிராமியில் பொறித்த பாண்டியர் செப்புக் காசை 1980-களில் அவர் அடையாளம் கண்ட பிறகு, சங்க கால மன்னர்கள் சொந்தமாக நாணயம் வெளியிடவில்லை என்ற பழைய எண்ணம் தகர்ந்தது. அந்தக் காசை யாராவது உருக்கிப் பாத்திரம் செய்திருந்தால் அந்தச் செய்தி நமக்குக் கிடைத்திருக்காது.

காசு எங்கே, எதனோடு கிடந்தது என்ற குறிப்பு கூடவே இருந்தால் அதன் பேச்சு இன்னும் தெளிவாகும். எனவே பெரியவரிடம் என் பங்குக்கு ஒரு கேள்வி கேட்டேன். “எந்த இடத்துல வலையில ஏறிச்சு, ஐயா?”

சற்றும் யோசிக்காமல் ஒரு பாட்டின் பெயரைச் சொன்னார். பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். எந்தப் பாட்டில் யார், எந்த நாளில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வது இங்குள்ள பழைய ஏற்பாடு. அதனால் தண்ணீருக்கடியில் இருக்கும் சேறும் மணலும் பள்ளமும் இவர்களுக்குத் தெருப் பெயர் போல மனப்பாடம். “வடக்க காத்து அடிச்ச மாசம். எங்க முறை. அடியில ஒரே ஓட்டாஞ்சில்லா கெடக்கும் அங்க” என்றார்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. உடைந்த மண்பாண்டம் குவிந்து கிடக்கும் இடத்தில் ஒரு டொய்ட்! படகுகள் சரக்கு இறக்கிய துறையாக அது இருந்திருக்கலாம். எந்த அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைக்குள்ளும் இல்லாத தகவல் இது. அந்தப் பாட்டின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. மண்வெட்டியோடு அங்கே யாரும் கிளம்பிவிடக் கூடாது.

பள்ளி விட்டு வந்த பேரனைக் கூப்பிட்டு நோட்டை எடுக்கச் சொன்னார். தாத்தா சொல்லச் சொல்லப் பையன் எழுதினான்: காசின் அளவு, சிங்கம், கோபுரம், பாட்டின் பெயர், மாதம். எழுதி முடித்ததும் அருகிலிருக்கும் அருங்காட்சியகத்தில் எப்படிக் காட்டுவது, ஆட்சியர் அலுவலகத்தில் எப்படித் தெரிவிப்பது என்று சொல்லிக்கொடுத்தேன்.

“தண்ணிலேர்ந்து எழும்புற சிங்கமா, தாத்தா?” என்று காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான் பையன். அன்று அவன் விலையைக் கேட்கவில்லை.

*அடுத்த வாரம்: பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிய கைலி, மலாய் மக்களின் ‘காயின் பெலிகாட்’ ஆன கதை.*

(தொடரும்)